வேலு நாச்சியாரின் குலவரலாறு

கன்னிவாடியைப் போன்றே திண்டுக்கல் சீமைப் பாளையங்களுள் ஒன்றாய் விளங்கியது விருப்பாட்சி. சிவகங்கைச் சீமையின் அரசகுலம் அழியாது காத்த பெருமை அப்பாளையத்திற்கு உண்டு என்பதை நாம் இங்கு நினைவுகூர்தல் தகும்.

1730ஆம் ஆண்டு பிறந்த வேலு நாச்சியார், இராமநாதபுரம் செல்லமுத்து சேதுபதியின் ஒரே மகள். 1746இல் சிவகங்கை முத்துவடுகநாதரை மணந்தார். முத்துவடுகநாதரின் அன்னை அகிலாண்டேசுவரி நாச்சியாரும் சேதுபதி குலக்கொடியே. பிரிந்த இரு சீமைகளையும் இத்திருமணம் மீண்டும் உறவால் பிணைத்தது.

1772இல் காளையார்கோவிலில் ஆர்க்காட்டு நவாபின் படையும் கும்பெனிப் படையும் தாக்கியபோது முத்துவடுகநாதர் வீழ்ந்தார். ஆண் வாரிசு இல்லை. எஞ்சியவர் மகள் வெள்ளச்சி மட்டுமே. அம்மகளைக் காத்தாலன்றிச் சீமைக்கு உரிமை கோர வழியில்லை. எனவே தாயும் மகளும் விருப்பாட்சி கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தனர். மைசூர் ஹைதர் அலி படையுதவி நல்கினார். சீமையைப் பறித்த நவாபும், மீட்கத் துணைநின்ற ஹைதரும் ஒரே சமயத்தவர். அன்றைய போர்கள் சமயப் போர்கள் அல்ல என்பது இதனால் தெளிவாகும்.

1780இல் சிவகங்கை மீண்டது. வெள்ளச்சியை மணந்த வேங்கன் பெரிய உடையத்தேவர் பின்னர் அரசரானார். 1796இல் நாச்சியார் மறைந்தார். 1801இல் கும்பெனியார் படமாத்தூர் கௌரிவல்லபரை அரசராக்கினர். வேங்கன் பினாங்குத் தீவிற்கு நாடு கடத்தப்பட்டார். நாச்சியாரின் குலவழி அரியணை இழந்தது. எனினும் அவர் மீட்ட சீமை அவரையே இன்றும் தன் அரசியாய்ப் போற்றுகிறது.