இதயத்தின் சேமிப்பைக் கண்டவர்

உலகம் போற்றும் விஞ்ஞானிகள் பலரை நாம் அறிவோம். தாம் கண்ட உண்மைகள் எங்கும் பயன்பட்டு வர, தம் பெயர் மட்டும் மறைந்து நின்றவர்களும் உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் அத்தகையோருள் ஒருவர். செய்முறை வகுப்பில் பாஸ்பரசை அளக்க ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று நாமெல்லாம் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். அந்தச் சுப்பாராவ் யார் என்று கேட்க எனக்கும் சென்ற ஆண்டு வரை தோன்றியதில்லை.

அவர் 1895 சனவரி 12இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். நம் புதுவை மாநிலத்தைச் சேர்ந்த ஏனாம் இருக்கும் அதே கோதாவரிச் சீமைதான் அது. வறிய குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறினார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க!

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கிட்டாமல், அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றோடு வெளியே வந்தார். சிலகாலம் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். பின்னர் மாமனார் முதலானோர் தந்த பொருளுதவியோடு, மனைவியை ஊரில் விட்டுவிட்டு, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். அவருக்குப் பிறந்த ஆண்மகவு குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. மனைவியை அவர் மீண்டும் காணவே இல்லை. இதை எழுதும்போது என் கை சற்றே நின்றது.

ஹார்வர்டில் படித்துக்கொண்டே மருத்துவமனையொன்றில் இரவு நேர ஊழியராக வேலை செய்து வயிற்றைக் கழுவினார். சைரஸ் ஃபிஸ்க் என்பாரோடு சேர்ந்து, கரைசலின் நீல நிறத்தைக் கொண்டு பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அந்த நீலமே அடுத்த கதவையும் திறந்தது. தசைச் சாற்றை அளந்தபோது, விரைவில் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்கும் ஒரு பொருள் இருப்பது புலப்பட்டது. அதுவே பாஸ்போகிரியேட்டின், ஆண்டு 1927. 1929இல் ஏ.டி.பி. எனும் ஆற்றல் மூலக்கூறையும் பிரித்தனர். அதே காலத்தில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியே அதைக் கண்டார்.

இதயத் தசைக்கு ஏ.டி.பி. கைச்செலவுப் பணம் என்றால், பாஸ்போகிரியேட்டின் சுருக்குப்பையில் முடிந்து வைத்த காசு. ஓய்வின்றித் துடிக்கும் இதயத்தில் ஏ.டி.பி. குறைந்தவுடன் இது கைகொடுக்கிறது. முடிச்சை அவிழ்த்துக் கொடுப்பது கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி. களைத்துப்போன இதயத்தில் இந்தச் சேமிப்பு குறைவாக இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இத்தனைக்கும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940இல் லெடர்லே மருந்து ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. ஆரியோமைசினும் ஹெட்ரசானும் வெளிவந்தன. இந்த ஹெட்ரசான்தான் யானைக்கால் நோய்க்கு நம் புதுவையில் வீடு வீடாக வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை. அதை விழுங்கிய என் பாட்டிக்கு அவர் பெயர் தெரியாது.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் மாண்டார். இதயத்தின் சேமிப்பைக் கண்டறிந்தவரின் இதயம் நலிந்திருந்ததைச் சொல்ல அன்று இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மாரடைப்பில் எஸ்.ஜி.ஓ.டி. நொதி இரத்தத்தில் மிகுவது 1954இல் தெரிந்தது. அடுத்து, சுப்பாராவின் முடிச்சை அவிழ்க்கும் அதே கிரியேட்டின் கைனேஸ் அளக்கப்பட்டது. இதயச் செல் மடிந்தால் அது இரத்தத்தில் கசியும் அன்றோ! பிறகு ட்ரோபோனின் வந்தது. சுவர் இழுபட்டு வருந்தும் இதயம் சுரக்கும் பி.என்.பி. 1988இல் பன்றியின் மூளையில் முதலில் கிட்டியதால், பெயரில் மூளை ஒட்டிக்கொண்டது. வலியே இல்லாதவரிடத்தும் இவை சற்று மிகுந்திருந்தால், பின்னாளில் இதய நோய் வரும் அபாயம் கூடுதல் என்பது இன்று தெளிவு.

என் தந்தையார் நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர். சென்ற ஆண்டு ஒருநாள் இரவு நெஞ்சு அடைப்பதாகச் சொன்னார். இ.சி.ஜி.யில் குறை ஏதுமில்லை. வாயுவாக இருக்கும், வீட்டுக்குப் போகலாம் என்று அவரே எழுந்துவிட்டார். மருத்துவர் விடவில்லை. சில மணி நேர இடைவெளியில் இருமுறை இரத்தம் எடுத்தார்கள். ஒரே சோதனைக்கு எதற்கு இரண்டு முறை என்று நான் செவிலியரிடம் கேட்டேன். எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும் தம்பி என்றார். இரண்டாம் எண் ஏறியிருந்தது. அப்பாவைப் படுக்கையில் சேர்த்தார்கள். விடியும் வரை வராந்தாவில் அமர்ந்து, கையிலிருந்த உயிர்வேதியியல் புத்தகத்தைப் புரட்டினேன். அங்கேதான் சுப்பாராவின் பெயரை இரண்டாம் முறை கண்டேன். அப்பா இப்போது மூட்டை தூக்குவதில்லை. அதே மார்க்கெட்டில் கணக்கு எழுதும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.