கவிஞர் வில்லியம் கூப்பர்

உடற்பிணி கண்டார் மருத்துவனை அழைப்பர். உள்ளப்பிணி கண்டாரோ அறிவுரை கூறுவர், அன்றேல் பழி கூறுவர். இவ்வழக்கம் இன்னும் நம்மை விட்டு முற்றும் அகன்றிலது. இம்மானுவேலின் குருதியூற்றைப் போற்றும் ஞானப்பாட்டைத் தமிழிற் பாடாத சபை நம்மிடையே அரிது. அதனை ஆங்கிலத்தில் ஆக்கிய வில்லியம் கூப்பர், தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை மனச்சோர்வென்னும் நோயோடு கழித்தவர் என்பதை அறிந்தார் சிலரே.

கூப்பர் 1731-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் குருவானவர். ஆறு வயது நிரம்பும் தறுவாயில் அன்னையை இழந்த சிறுவர், விடுதிப் பள்ளியில் மூத்த மாணவன் ஒருவனது கொடுமைக்கு ஆளாகி அஞ்சி நடுங்கினார். வாலிபப் பருவத்திற் சட்டம் பயின்றார். மனம் அதில் ஒன்றவில்லை. சிற்றப்பன் மகளாகிய தியோடோராவை மணக்க விரும்பினார். அவள் தந்தை இசையவில்லை. அவளும் பிறர் எவரையும் மணவாதே வாழ்ந்து மறைந்தாள்.

1763-இல் உறவினர் ஒருவர் பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தார். பதவியேற்குமுன் சபையாரின் முன்னிலையில் தேர்வு நடைபெறும் என்றனர். பிறர்க்கு அஃது எளிய காரியம்; நோயுற்ற உள்ளத்துக்கோ மலையாய்த் தோன்றிற்று. நாள் நெருங்க நெருங்க உறக்கம் அகன்றது, அச்சம் மிகுந்தது, தம்முயிரைத் தாமே போக்கிக்கொள்ளவும் முயன்றார். இறையருளால் உயிர் தப்பியது, பதவி போயிற்று. பின்னர் ஒருநாளும் அவர் உத்தியோகம் வகித்திலர்.

செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் மனநோயாளர் இல்லம் நடத்திய மருத்துவர் நத்தேனியேல் காட்டன் அவரை ஏற்றுப் பரிவுடன் பேணினார். ஆங்குத்தான் வேதாகமம் வாசித்து ஆறுதலும் விசுவாசமும் பெற்றார் கூப்பர். 1765-இல் அவ்வில்லம் விட்டு ஹண்டிங்டன் சேர்ந்து, அன்வின் என்னும் குருவின் குடும்பத்தில் ஒருவராயினார். 1767-இல் அன்வின் குதிரையினின்று விழுந்திறந்தபின், அவர் மனைவி மேரியுடன் ஓல்னி சென்றார். ஆண்டுக் குருவாயிருந்தவர், முன்னர் அடிமை வணிகக் கப்பற்றலைவராயிருந்து மனந்திரும்பிய ஜான் நியூட்டன். இருவரும் இயற்றிய ஞானப்பாட்டுக்கள் 1779-இல் நூலாக வெளிவந்தன.

நூல் வெளிவருமுன்னரே பேரிடி விழுந்தது. 1773-இன் தொடக்கத்தில் நோய் மீண்டது. தேவன் தம்மை அறவே கைவிட்டார் என்னும் எண்ணம், கனவொன்றால் அவருள் உறுதிப்பட்டது. அன்று முதல் அவர் ஆலயம் புகவில்லை. தமக்கு ஜெபிக்கும் உரிமையும் இல்லையென்று கருதினார். மேரியுடன் நிச்சயித்த திருமணமும் நின்றது. நியூட்டன் ஓராண்டுக்கு மேலாக அவரைத் தம் இல்லத்தில் வைத்துக் காத்தார். அவரது கடும் போதனையே கூப்பரைக் கெடுத்தது என்பார் உளர். முதல் நோய் நியூட்டனைக் காணுமுன்னரே வந்ததென்பதை நோக்கின், அப்பழி பொருந்தாது. குறை நண்பரிடத்தன்று, நோயைத் தீர்க்கவல்ல மருத்துவம் அன்று தோன்றாமையே குறை.

எனினும் கூப்பர் வாளா இருந்திலர். தோட்டமிட்டார், தச்சுவேலை செய்தார், மூன்று முயல்களை வளர்த்தார். ஆஸ்டின் சீமாட்டி கூறிய வேடிக்கைக் கதையொன்றை 1782-இல் ஜான் கில்பின் என்னும் நகைப்பாட்டாக்கி நாடு முழுவதையும் சிரிக்கவைத்தார். உள்ளத்தில் இருள் சூழ்ந்திருந்தபோதே அதனைப் பாடினார். 1785-இல் வெளிவந்த 'தி டாஸ்க்' அவரைப் பெருங்கவிஞராக்கிற்று. 1788-இல் அடிமை வணிகத்தைக் கண்டித்துப் பாடினார். 1791-இல் ஹோமரின் காப்பியங்களை மொழிபெயர்த்து முடித்தார்.

அவரை ஆண்டுக்கணக்காய்த் தாங்கிய மேரி பக்கவாதத்தால் தளர்ந்து 1796-இல் மறைந்தார். அதன்பின் கூப்பர் தெளிவடைந்திலர். 1799-இல் இயற்றிய இறுதிப் பாட்டில், கப்பலினின்று வீழ்ந்து, நண்பர் கண்ணெதிரே கடலில் அமிழ்ந்த மாலுமியைத் தமக்கு ஒப்பிட்டார். 1800 ஏப்ரல் 25-இல் ஈஸ்ட் டெரெஹாமில் உயிர் நீத்தார்.

தீராத மனச்சோர்வு அவரிடமிருந்து உத்தியோகத்தைப் பறித்தது; மணவாழ்வைப் பறித்தது; தாம் பாட்டளித்த சபையின் ஐக்கியத்தையும் பறித்தது. நண்பர்காள், இவர் விசுவாசத்திற் குறைந்தவரோ? அல்லர், நோயுற்றவர். இன்று அந்நோய்க்கு மருந்துண்டு; உளமருத்துவருண்டு; தேறினவர் பலருண்டு. நம் விடுதியில் எவனேனும் உறக்கமும் உணவும் ஒழித்துத் தனித்திருக்கக் காணின், அவனைச் சோம்பேறியென்றும் அவிசுவாசியென்றும் கூறாதிருப்போம். அருகிருந்து அவன் சொல்வதைக் கேட்போம். கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அவனுக்காக ஜெபிப்பதோடு இதனையும் செய்வதே கிறிஸ்தவ அன்பு. நியூட்டனிடம் அன்பிருந்தது, மருந்தில்லை. நமக்கோ இரண்டும் உள.