நீரலையில் நெளிந்த ஒளி

பற்றாக்குறை என்னும் கருத்தை விளக்க, கல்லூரி வகுப்பில் ஒரு திரைப்படக் காட்சியைப் பல ஆண்டுகள் எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தேன். விடுதியொன்றின் அடித்தளத்தில் நீச்சல் குளம், இரவு நேரம். தனியே நீந்த வந்த இளம்பெண்ணின் செவியில் விலங்கின் உறுமல் விழுகிறது. அஞ்சி நீரில் குதிக்கிறாள். கலங்கிய நீரிலிருந்து தெறிக்கும் ஒளி சுவரிலும் கூரையிலும் நெளிகிறது. அந்த நெளிவுகளுக்கிடையே ஏதோ ஒரு நிழல் கடந்து செல்கிறது. அங்கே கருஞ்சிறுத்தை எதுவும் காட்டப்படவில்லை. ஆயினும், பார்த்தவர்கள் அதைக் கண்டதாகவே நம்புவார்கள்.

1942-இல் வெளிவந்த 'கேட் பீப்பிள்' என்னும் அமெரிக்கப் படத்தின் காட்சி இது. இயக்கியவர் ழாக் தூர்னர். ஒளிப்பதிவு நிக்கலஸ் மூசுராக்கா. இவ்விருவரையும் ஒன்றுசேர்த்த தயாரிப்பாளர் வால் லூட்டன்.

லூட்டன் 1904-இல் கருங்கடல் ஓரத்து யால்டாவில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயுடனும் தமக்கையுடனும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். புகழ்பெற்ற நடிகை அல்லா நசிமோவா அவருடைய தாயின் தங்கை. இளமையில் பிழைப்புக்காக நாவல்கள் எழுதினார். பின்னர் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கிடம் கதைப் பிரிவு ஆசிரியரானார். பெருஞ்செலவுக்குப் பெயர்பெற்ற 'கான் வித் த விண்ட்' உருவானபோது உடனிருந்தவர், அடுத்து வந்து சேர்ந்த இடமோ சிக்கனத்தையே சட்டமாகக் கொண்டிருந்தது.

ஆர்சன் வெல்ஸின் படங்களில் பெரும்பணம் முடங்கிய நிலையில், ஆர்.கே.ஓ. நிறுவனம் மலிவான திகில் படங்களை எடுக்க ஒரு பிரிவைத் தொடங்கி, 1942-இல் லூட்டனிடம் ஒப்படைத்தது. நிபந்தனைகள் மூன்று: செலவு 1,50,000 டாலரைத் தாண்டக்கூடாது, படம் 75 நிமிடங்களுக்குள் முடிய வேண்டும், தலைப்பை நிறுவனமே தரும். 'கேட் பீப்பிள்' என்பதும் அப்படித் தலையில் கட்டப்பட்ட பெயரே. லூட்டனுக்கோ இயல்பிலேயே பூனைகள் என்றால் அச்சம்!

அச்சமூட்டும் ஒப்பனைக்கும் பெரிய அரங்குகளுக்கும் பணமில்லை. வெல்ஸின் படத்துக்காக முன்பே கட்டப்பட்டிருந்த மாடிப்படி மீண்டும் பயன்பட்டது. நீச்சல் குளக் காட்சிக்கு வெண்சுவர்களும் தாழ்ந்த கூரையும் கொண்ட உண்மையான குளம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. தெறிக்கும் ஒளி எங்கும் தப்பாமல் சுவரில் படிய, அத்தகைய இடமே தக்கது. சுவரில் கடந்த நிழல் தன் கைமுட்டியினுடையது என்று தூர்னர் பிற்காலத்தில் தெரிவித்தார்.

இந்த உத்தியின் இயற்பியல் எளியது. நீர் அசையும்போது ஒவ்வோர் அலையும் சிறு வளைந்த ஆடியாகிறது. குழிந்த பகுதி ஒளியைக் குவிக்கும். புடைத்த பகுதி சிதறடிக்கும். சுவரில் ஒளிக்கோடுகள் நெளிவது இதனால்தான். குளமே இல்லாத படப்பிடிப்பு அரங்கிலும் இதைச் செய்யலாம். ஆழமற்ற தட்டில் நீர் ஊற்றி, அடியில் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பி, சாய்வாக ஒரு விளக்கைப் பாய்ச்சி, நீரை மெல்லக் கலக்கினால் போதும். ஆனால், அந்த விளக்கு கூர்மையானதாக இருக்க வேண்டும். ஏனைய விளக்குகள் தணிந்திருக்க வேண்டும். வெளிச்சம் மிகுந்தால் நெளிவு மறைந்துவிடும். இருளுக்கு வாடகை இல்லை என்பதை லூட்டனின் குழு நன்கு அறிந்திருந்தது.

படம் செலவைப்போலப் பல மடங்கு ஈட்டியது. பற்றாக்குறையே படைப்பின் தாய் என்று கூறி என் பாடத்தை நான் முடிப்பது இந்த இடத்தில்தான். ஒருமுறை துறை நூலகத்துக்கு நிதி கேட்டு நின்றபோது, நிர்வாகி ஒருவர் அதே வாசகத்தை எனக்கு நினைவூட்டி மறுத்துவிட்டார். அதன் பிறகே லூட்டனின் வாழ்க்கையை முழுமையாகப் படித்தேன். நான் பாதிக் கதையையே கற்பித்து வந்திருந்தேன்.

வெற்றிக்குப் பின் லூட்டனுக்குப் பெரிய படங்களின் வாய்ப்பு வந்தது. 'தி செவன்த் விக்டிம்' படத்தை அவருடைய படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன் முதன்முறையாக இயக்குவதாக இருந்தது. புதியவரை நம்பிப் பெருந்தொகையைத் தர நிறுவனம் மறுத்தது. லூட்டன் ராப்சனை விடவில்லை, பணத்தை விட்டார். ராபர்ட் வைஸும் அவரிடமே இயக்குநரானார். பின்னாளில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தவர் அவர்தான்.

தலைப்பும் தொகையும் கால அளவும் நிறுவனத்தின் கையில் இருந்தன. அந்த எல்லைகளுக்குள் கதை, ஆட்கள், ஒளி ஆகியவற்றை லூட்டன் பெருமளவு தாமே முடிவுசெய்தார். திரைக்கதைகளின் இறுதி வடிவத்தையும் பெரும்பாலும் அவரே திருத்தி எழுதினார். அவரை அமர்த்திய நிறுவனத் தலைவர் சார்லஸ் கோர்னர் 1946-இல் மறைந்ததும் அந்த ஆதரவு போயிற்று. பின்னர் வேறு பெரிய நிறுவனங்களில் மூன்று படங்களே எடுத்தார். முந்தைய படங்களின் புகழை அவை எட்டவில்லை. இதயநோயால் 1951 மார்ச் 14 அன்று, தம் 46-ஆம் வயதில் காலமானார்.

வறுமை மட்டுமே கலையை வளர்க்குமானால், வறியவர் அனைவரும் கலைஞராகியிருப்பர். லூட்டனுக்குக் குறைந்த பணத்தோடு நம்பிக்கையும், முடிவெடுக்கும் உரிமையும், படத்துக்குப் படம் உடன்வந்த ஒரு குழுவும் கிடைத்தன. பள்ளிக்கும் ஆய்வுக்கும் கலைக்கும் நிதியைக் குறைப்பவர்கள் சிக்கனத்தின் பெருமையைப் பேசுமுன், இவற்றில் எதைத் தந்தோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். அந்தக் கேள்வியையும் சேர்த்தே நான் மாணவர்களுக்குக் கற்பித்திருக்க வேண்டும்.