22 மைல் கடலும் ஒரு தோட்ட வாயிலும்

சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 400 மைல். விமானம் அத்தூரத்தை ஒன்றரை மணி நேரத்திற் கடந்துவிடுகிறது. இறங்கிய பயணி கொழும்புக் கோட்டையில் புகையிரதம் ஏறினால், 110 மைலளவே உள்ள கொட்டகலையை அடைய ஐந்து மணி நேரத்துக்கு மேலாகிறது. பயணத்தின் தூரத்தை மைற்கணக்கு மட்டும் உணர்த்திவிடாது. இதனைத் தம் வாழ்விலே கண்டறிந்தவர் கோ. நடேசய்யர்.

தஞ்சாவூரில் 1887 ஆம் ஆண்டு பிறந்த ஐயர், 1915 இல் முதன்முறையாக இலங்கைக்கு வந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள 22 மைல் கடலிற் கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. சென்னையிலே புறப்பட்டவர் ஏறத்தாழ ஒன்றரை நாளிற் கொழும்பை அடையலாயினர். முந்திய தலைமுறைத் தொழிலாளரோ தலைமன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்தனர்; அவர்களுட் பலர் மலையைக் காணாமலே மடிந்தனர்.

கடல் இவ்வாறு சுருங்கியும் தோட்டத்தின் வாயில் திறக்கவில்லை. தோட்டம் துரையின் தனி நிலம். அவர் அனுமதியின்றி அந்நியர் எவரும் லயத்தை அணுகுதல் குற்றம். புடவை வியாபாரிகளுக்கு மட்டும் உள்ளே செல்ல வழியிருந்தது. எனவே ஐயர் புடவை வியாபாரி போல வேடம் பூண்டு உள்ளே சென்றார். தொழிலாளரின் கடனையும் பசியையும் கங்காணியின் அதிகாரத்தையும் நேரிற் கண்டார். கடல் கடந்து வந்தவருக்கு லயத்தின் வாசல் வரையான அச்சிறு தூரமே பெரும் பயணமாயிற்று.

பின்னர் அவர் இலங்கையிலேயே தங்கினார். 1921 இல் ‘தேசநேசன்’ பத்திரிகையின் ஆசிரியரானார். 1925 இற் சட்டநிரூபண சபையில் இடம்பெற்றார். ஆயினும் கொழும்பிலிருந்து பேசுவது போதாதென உணர்ந்தார் போலும்; 1931 இல் ஹட்டனுக்கு வந்து தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தார். எழுத்தறியாதோரிடம் செய்தி சென்று சேரவேண்டி அவர் பாட்டெழுத, மனைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிலே பாடினார். துரையின் தடையைக் கடக்கப் பாட்டுக்கு வேடம் வேண்டியிருக்கவில்லை.

1935 நவம்பரிற் சென்னையிலிருந்து பறந்து வந்த சிறு விமானம் ஒன்று இரத்மலானையில் இறங்கியது. தாயகத்துக்கும் தீவுக்கும் இடையே வான்வழி திறந்தது. மறு ஆண்டு ஹட்டன் மக்கள் ஐயரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். கொழும்பின் சபைக்கும் மலைநாட்டு லயத்துக்கும் இடையிலும் ஒரு வழி அன்று திறந்தது எனலாம்.

1947 இல் ஐயர் மறைந்தார். மறு ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். பிறந்த மண்ணிலேயே அவர்கள் அந்நியராயினர். அந்த உரிமை முழுதாக மீள்வதற்கு 2003 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

இன்று ஹட்டனைக் கடந்து கொட்டகலையை நோக்கிச் செல்லும் புகையிரதத்தின் தாமதத்தை எண்ணிச் சலிப்போர், தோட்ட வாயிலில் புடவை மூட்டையுடன் நின்ற அம்மனிதரைச் சிறிது நினைத்தல் தகும்.