கட்டாயக் கல்விக்கு வாதாடிய கோகலே

ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்பது 2010 ஏப்ரல் 1 முதல் இந்நாட்டின் சட்டம். இதே கோரிக்கையை, இதைவிடச் சுருங்கிய வடிவில், அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு வைஸ்ராயின் சட்டசபையில் எழுப்பித் தோற்றவர் கோபால கிருஷ்ண கோகலே. மகாத்மா காந்தியின் அரசியல் குரு என்ற ஒரு வரியோடு பாடநூல்கள் அவரைக் கடந்துவிடுகின்றன. ஆனால், மாநிலத்துக்கு மாநிலம், மாவட்டத்துக்கு மாவட்டம் கல்வியில் தொடரும் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது என்பதை அறிய விரும்புவோர், அவர் கொண்டுவந்த மசோதாவையும் அதற்கு நேர்ந்த கதியையும் அறிந்தாக வேண்டும்.

அண்ணன் அனுப்பிய எட்டு ரூபாய்

இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் ரத்னகிரி மாவட்டத்தில், கோட்லுக் என்னும் சிற்றூரில் 1866 மே 9-ம் தேதி பிறந்தார் கோகலே. தந்தை கிருஷ்ணராவ் காகல் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். 1879-ல் அவர் காலமானபோது கோகலேவுக்கு வயது 13. மூத்த சகோதரர் கோவிந்தராவ் தமது படிப்பைக் கைவிட்டு, மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்காக அனுப்பி வந்தார். அந்தப் பணத்தில் படித்த தம்பி, 1884-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

ஒரு மகன் கற்பதற்காக மற்றொரு மகன் கல்வியை இழக்க நேர்ந்த குடும்பம் அது. கல்விச் செலவு முழுவதும் பெற்றோர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கோகலே தம் வீட்டிலேயே கண்டிருந்தார்.

பட்டதாரிகள் அரிதாக இருந்த அக்காலத்தில் அரசுப் பணியோ வழக்கறிஞர் தொழிலோ அவருக்கு எளிதில் கைகூடியிருக்கும். அவர் தேர்ந்தது ஆசிரியப் பணி. புனேயின் நியூ இங்கிலீஷ் பள்ளியில் சேர்ந்த அவர், தக்காணக் கல்விக் கழகத்தின் ஆயுள் உறுப்பினரானார். குறைந்த ஊதியத்தில் 20 ஆண்டுகள் பணியாற்றுவதாக ஏற்கும் உறுதிமொழியே அந்த உறுப்பினர்களைப் பிணைத்த விதி. அக்கழகம் 1885-ல் தொடங்கிய ஃபெர்குசன் கல்லூரியில் ஆங்கிலம், கணிதம், வரலாறு, பொருளாதாரம் ஆகியவற்றைக் கற்பித்தார். பள்ளி மாணவர்களுக்காக அவர் எழுதிய கணிதப் பாடநூல் பல பதிப்புகள் கண்டது. 1902-ல் சிறு ஓய்வூதியத்துடன் கல்லூரியிலிருந்து விடைபெற்றார்.

நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயிடம் பெற்ற பயிற்சி, அவரைப் புள்ளிவிவரங்களோடு வாதாடும் அரசியலராக ஆக்கியது. 1899-ல் பம்பாய் மாகாணச் சட்டசபையிலும், 1902-ல் வைஸ்ராயின் சட்டசபையிலும் அவர் இடம் பெற்றார். அவ்வாண்டு மார்ச் மாதம் அவர் ஆற்றிய முதல் வரவுசெலவுத் திட்ட உரை நாடெங்கும் பேசப்பட்டது. வறுமையில் வாடும் மக்களிடம் உப்பு வரி வசூலித்துக்கொண்டே உபரி காட்டும் அரசின் கணக்கை அவர் பிரித்துக் காட்டினார். ராணுவச் செலவு பெருகுவதையும் கல்விக்கு ஒதுக்கப்படும் தொகை அற்பமாக இருப்பதையும் ஆண்டுதோறும் அவர் சுட்டிக்காட்டி வந்தார். 1905-ல் காசியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அதே ஆண்டு ஜூன் 12-ம் தேதி இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார்.

பரோடா காட்டிய வழி

இந்தியாவில் கட்டாயக் கல்வி சாத்தியமே இல்லை என்று ஆங்கிலேய அதிகாரிகள் கூறிவந்த காலத்தில், அதைச் சாத்தியமாக்கிக் காட்டியவர் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட். 1893-ல் அம்ரேலி தாலுகாவில் சோதனையாகத் தொடங்கிய திட்டத்தை, 1906-ல் தமது சமஸ்தானம் முழுமைக்கும் அவர் விரிவுபடுத்தினார். பெண் குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டனர்.

கோகலேயின் கையில் இருந்த வலுவான ஆதாரம் பரோடாதான். அங்கே பள்ளி வயதுச் சிறுவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் பள்ளியில் இருந்தனர். பிரிட்டிஷ் இந்தியாவில் அந்த விகிதம் 20 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. மொத்த மக்கள்தொகையில் தொடக்கப் பள்ளியில் பயில்வோர் பிரிட்டிஷ் இந்தியாவில் 1.9 சதவீதம் மட்டுமே. 1911 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஆறு பேர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர். ஒரு சமஸ்தானத்து மன்னரால் முடிந்தது, வலிமை மிக்க பேரரசால் ஏன் முடியாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

1910 மார்ச்சில், கட்டாயத் தொடக்கக் கல்வியைப் படிப்படியாகக் கொண்டுவர ஆணையம் அமைக்கக் கோரும் தீர்மானத்தை அவர் முன்மொழிந்தார். பரிசீலிப்பதாக அரசு உறுதி கூறியதால் அதைத் திரும்பப் பெற்றார். மத்திய அரசில் கல்விக்கெனத் தனித் துறை அவ்வாண்டே உருவாயிற்று. ஆனால், கட்டாயக் கல்வி குறித்து எந்த அசைவும் இல்லை. 1911 மார்ச் 16-ம் தேதி தமது சொந்த மசோதாவை அவர் அறிமுகப்படுத்தினார்.

விட்டுக்கொடுத்த மசோதா

அந்த மசோதா மிகுந்த எச்சரிக்கையோடு வரையப்பட்டது. கட்டாயம் என்பது ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களுக்கு மட்டுமே. சிறுமியருக்குப் பின்னர் விரிவுபடுத்திக்கொள்ளலாம். அதுவும் நாடு முழுவதற்கும் அல்ல. நகராட்சியோ மாவட்ட போர்டோ விரும்பி, அரசின் முன் அனுமதி பெற்றால், தனது எல்லைக்குள் கட்டாயக் கல்வியை அமல்படுத்தலாம். அப்பகுதியில் குறிப்பிட்ட விகிதத்தினர் ஏற்கெனவே பள்ளிக்குச் செல்பவர்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாத வருமானம் 10 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்குக் கட்டணம் இல்லை. செலவில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி அமைப்பும், இரு பங்கை அரசும் ஏற்க வேண்டும் என்பது அவர் வகுத்த கணக்கு.

எதிர்ப்பவர்களின் ஒவ்வொரு காரணத்தையும் முன்கூட்டியே தகர்க்கும் நோக்கில்தான் இத்தனை விட்டுக்கொடுப்புகள். அப்படியும் எதிர்ப்பு குறையவில்லை. மக்கள் இதற்குப் பக்குவப்படவில்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இல்லை, நிதி இல்லை என மாகாண அரசுகள் எழுதி அனுப்பின. வயல் வேலைக்கு ஆள் கிடைக்காது என நிலவுடைமையாளர் அஞ்சினர். இந்திய உறுப்பினர்களில் சிலரே அரசின் பக்கம் நின்றனர். மதன் மோகன் மாளவியா, முகமது அலி ஜின்னா, மஜருல் ஹக் ஆகியோர் கோகலேவை ஆதரித்தனர். அதிகாரிகள் பெரும்பான்மையாக இருந்த அச்சபையில் முடிவு முன்பே தெரிந்ததுதான். 1912 மார்ச்சில், மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் 13-க்கு 38 என்ற வாக்குகளில் தோற்றது. அடுத்த ஆண்டு வெளியான அரசின் கல்விக் கொள்கை, கட்டாயம் என்பதை ஏற்க மறுத்துவிட்டது.

தோல்வி அவரைச் சோர்வடையச் செய்யவில்லை. அதே ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்கா சென்று, காந்தி நடத்திய போராட்டத்துக்குத் துணை நின்றார். அரசு அளிக்க முன்வந்த சர் பட்டத்தை ஏற்க மறுத்தார். உடல்நலம் குன்றிய நிலையிலும் ஓயாது உழைத்த அவர், 1915 பிப்ரவரி 19-ம் தேதி தமது 48-வது வயதில் காலமானார். இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பு, பள்ளித் தலைமையாசிரியராக இருந்து அதில் சேர்ந்த தமிழரான வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாரிடம் வந்தது.

முன்னேறிய பகுதிக்கே முன்னுரிமை

கோகலேயின் மசோதா தோற்றாலும், அதன் வடிவம் பிழைத்தது. 1918-ல் விட்டல்பாய் படேலின் முயற்சியால் பம்பாய் மாகாணத்தில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. பஞ்சாப், வங்காளம், ஐக்கிய மாகாணம், பிகார்-ஒரிசா ஆகியவை 1919-லும், சென்னை மாகாணம் 1920-லும் அதைப் பின்பற்றின. உள்ளாட்சிகள் விரும்பினால் அமல்படுத்தலாம் என்ற ஏற்பாடே இவற்றின் அடிப்படை.

இந்த ஏற்பாட்டின் குறை நடைமுறையில் வெளிப்பட்டது. வரி வருவாயும் விழிப்புணர்வும் உள்ள நகரம் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தது. இரண்டும் இல்லாத மாவட்டம் அப்படியே கிடந்தது. எங்கே தேவை அதிகமோ, அங்கே சட்டம் எட்டவில்லை. சேர்ந்த குழந்தைகளும் நிலைக்கவில்லை. முதல் வகுப்பில் சேரும் ஐந்து சிறுவர்களில் ஒருவர்கூட நான்காம் வகுப்பை உரிய காலத்தில் எட்டவில்லை என 1929-ல் ஹார்டாக் குழு கண்டறிந்தது. அரசை இணங்க வைக்கக் கோகலே சேர்த்த நிபந்தனை, பின்தங்கிய பகுதிகளைப் பின்தங்கியே இருக்கச் செய்யும் விதியாக மாறிவிட்டது. சிறுமியரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற சலுகைக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1951 கணக்கெடுப்பில் ஆண்களில் 27 சதவீதத்தினரும் பெண்களில் 9 சதவீதத்துக்கும் குறைவானோருமே எழுத்தறிவு பெற்றிருந்தனர்.

அரசியல் சாசன நிர்ணய சபையில் கல்வி வயது வரம்பை 11 ஆகக் குறைக்கலாம் என்ற யோசனையை அம்பேத்கர் ஏற்கவில்லை. 14 வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்சாலை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றால், அந்த வயதுவரை அவர்கள் இருக்க வேண்டிய இடம் பள்ளிதான் என்பது அவர் வாதம். ஆனால், 10 ஆண்டுகளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற கெடுவுடன் 45-வது பிரிவில் இடம் பெற்ற அந்த வாக்குறுதி, நீதிமன்றத்தால் வலியுறுத்த இயலாத வழிகாட்டு நெறியாகவே அமைந்தது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 2002-ல் 86-வது சாசனத் திருத்தம், 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் என்று அது அடிப்படை உரிமையாவதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின.

எட்டிய மாநிலங்கள், எட்டாத மாவட்டங்கள்

இடைப்பட்ட காலத்தில் சில மாநிலங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பள்ளிகள், சமூக சீர்திருத்த இயக்கங்கள் ஆகியவற்றின் அடித்தளத்தில் கேரளம் முன்னேறியது. தமிழகத்தில் காமராஜர் ஆட்சியில் கிராமந்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டு, 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2001-ல்தான். சிதறிக் கிடக்கும் மலைக் கிராமங்களைக் கொண்ட இமாசலப் பிரதேசம், அரசுப் பள்ளிகளை நம்பியே வட மாநிலங்களில் முன்னணிக்கு வந்ததை 1999-ல் வெளியான புரோப் அறிக்கை பதிவு செய்தது.

2011 கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு விகிதம் 73 சதவீதம். கேரளத்தில் 94, இமாசலத்தில் 83, தமிழகத்தில் 80, பிகாரில் 62. ராஜஸ்தானில் பெண்களின் எழுத்தறிவு 52 சதவீதம்தான். மிசோரத்தின் சேர்சிப் மாவட்டம் 98 சதவீதத்தை எட்டியபோது, பழங்குடியினர் மிகுந்த மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர் மாவட்டம் 36 சதவீதத்தில் நின்றது.

பள்ளியில் சேர்க்கும் பணி பெருமளவு முடிந்துவிட்டது. ஊரகப் பகுதிகளில் 6 முதல் 14 வயது வரையுள்ளோரில் 98 சதவீதத்தினர் பள்ளிப் பதிவேட்டில் இருப்பதாக 2024-ம் ஆண்டின் அசர் ஆய்வு கூறுகிறது. ஆனால், ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயலவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆறு வயதுக்கு முன்பும் பதினான்கு வயதுக்குப் பின்பும் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை.

செலவை யார் ஏற்பது என்ற கோகலே காலத்துக் கேள்வியும் ஓயவில்லை. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் மத்திய அரசும் பெரும்பாலான மாநிலங்களும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்கின்றன. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் எழுந்த கருத்து வேறுபாட்டால் 2024-25-ல் தமிழகத்துக்கான நிதி நிறுத்திவைக்கப்பட்டு, விவகாரம் 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என 1966-ல் கோத்தாரி குழு வகுத்த இலக்கை எந்த மத்திய அரசும் எட்டவில்லை.

தம்மால் இயன்ற பகுதி முதலில் முன்னேறட்டும், மற்றவை தொடரும் என்ற நம்பிக்கையில் கோகலே மசோதாவை வரைந்தார். அன்றைய அரசு அவருக்கு வேறு வழி விடவில்லை. அத்தகைய நெருக்கடி எதுவும் இல்லாத சுதந்திர இந்தியாவில், மிகவும் பின்தங்கிய மாவட்டத்துக்கே நிதியும் ஆசிரியரும் முதலில் சேர வேண்டும். அலிராஜ்பூர்களுக்கு அந்த முன்னுரிமை கிடைக்கும்வரை, 1912-ல் தோற்ற மசோதாவின் நோக்கம் முழுமையாக நிறைவேறியதாகாது.