ஸ்மிர்னாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மொறிஸ் மைனர்காரர்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு மொறிஸ் மைனரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் வரத்து நின்றுபோக, மண்ணெண்ணெயில் ஓடப் பழகிய கார் அது. சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் புகை கிளம்பும். கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதிலேதான் போனோம். அந்தக் காரை வடிவமைத்த மனிதரும் போரினால் ஊரை இழந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அலெக் இசிகோனிஸ் 1906 நவம்பர் 18 இல் ஸ்மிர்னா துறைமுக நகரில் பிறந்தார். இன்று அது துருக்கியின் இஸ்மீர். தந்தை கிரேக்கர், பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். கப்பல் இயந்திரங்களுக்கான பட்டறை ஒன்று குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. கிரேக்க - துருக்கிப் போரின் முடிவில், 1922 செப்ரெம்பரில், அந்த நகரம் எரிந்தது. பிரித்தானியப் பிரஜைகள் என்பதால் இசிகோனிஸ் குடும்பம் கப்பலேற்றப்பட்டு மால்டாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வீடும் பட்டறையும் போயின. நோயுற்றிருந்த தந்தை மால்டாவிலேயே காலமானார். தாயும் பதின்ம வயது மகனும் மட்டும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

லண்டன் பற்றர்சீ பொலிரெக்னிக்கில் பொறியியல் படித்தார். கணிதத்தில் மூன்று தடவை கோட்டை விட்டார். கணக்கு கற்பனைக்கு எதிரி என்று பிற்காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். (இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை.) ஆனால் கை வேலை அபாரம். 1930களில் ஒரு நண்பருடன் சேர்ந்து, வேலை முடிந்த மாலைகளில், பெரும்பாலும் கைக் கருவிகளைக் கொண்டே ஒரு பந்தயக் காரைக் கட்டினார். அதற்குப் பல வருடங்கள் எடுத்தன. 1936 இல் மொறிஸ் கொம்பனியில் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே மைனருக்கான வேலை தொடங்கிவிட்டது. மாதிரிக் கார் தயாரான பிறகு அது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். மைனரின் பொனற் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலம்தான். கொம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அந்த உருவம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 1948 இல் வெளிவந்த கார், பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் காராகியது. அதற்கு அகலமான புதிய இயந்திரம் ஒன்றைப் போடவே அவர் எண்ணியிருந்தார். அது கைகூடவில்லை, பழைய ஒடுக்க இயந்திரமே போய் உட்கார்ந்தது. அதனால் பொனற்றுக்குள் இரண்டு பக்கமும் இடம் தாராளம். மண்ணெண்ணெய்க் கரி படிந்து அடிக்கடி ஹெட் கழற்ற வேண்டிவந்த காலத்தில், நம்மூர் மெக்கானிக்குகளுக்குக் கை போட இடம் கிடைத்தது அந்தத் தற்செயலால்தான்.

1956 இல் சுயஸ் கால்வாய் நெருக்கடி வந்து பிரித்தானியாவிலும் பெற்றோலுக்குக் கூப்பன் வந்தது. சின்னக் கார் ஒன்று உடனே வேண்டும், ஆனால் கையிலுள்ள இயந்திரத்தையே பாவிக்க வேண்டும் என்று இசிகோனிஸுக்குச் சொல்லப்பட்டது. 10 அடி நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கை ஆட்களுக்கும் பொதிகளுக்கும் ஒதுக்கினார். இயந்திரத்தைக் குறுக்கே திருப்பி வைத்து, கியர்பொக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே நுழைத்தார். சக்கரம் 10 அங்குலம்தான். 1959 ஓகஸ்ட் 26 இல் மினி அறிமுகமானது. இன்று தெருவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை அதே குறுக்கு இயந்திரத்தோடுதான் ஓடுகின்றன.

இதன் விலையைக் கொடுத்தவர் மெக்கானிக். மினியில் ரேடியேற்றர் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். புகைக்குழாய் இணைப்பு இயந்திரத்துக்குப் பின்னால், கண் எட்டாத இடத்தில். சூட்டிலும் துருவிலும் இறுகிப்போன போல்ட்டை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கார்களின் அளவு அங்குலத்தில். ஜப்பான் கார்களுக்கு வாங்கிய மில்லிமீற்றர் ஸ்பனர்தான் பல இடங்களில் கைக்கு வரும். அரை அங்குலத் தலை 12.7 மில்லிமீற்றர். 13 ஸ்பனர் அதில் ஏறும், ஆனால் 0.3 மில்லிமீற்றர் ஆடும். பலமாக இழுத்தால் ஆறு மூலையும் மழுங்கி, தலை உருண்டுவிடும்.

பிறகு பொறுமைதான் கருவி. துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். மழுங்கிய தலையில் ஓரளவு சிறிய சொக்கெற்றைத் தட்டி ஏற்றலாம், ஆனால் மினிக்குள் சுத்தியலை ஓங்க இடமில்லை. பக்கவாட்டில் இரண்டு முகத்தை அரத்தால் தட்டையாக்கி, சிறிய ஸ்பனர் போட்டு, ஒரு தடவை நேராகவும் மறுதடவை கவிழ்த்தும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பலாம். அதுவும் சரிவராவிட்டால் அந்தத் தலையில் ஒரு நட்டை வெல்ட் செய்வார்கள். பிடி கிடைப்பது மட்டுமல்ல, அந்தச் சூட்டிலேயே துருவின் பிடியும் விட்டுவிடும். பெற்றோல் குழாய்க்குப் பக்கத்தில் என்றால் அந்த வேலை வேண்டாம்.

இசிகோனிஸ் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டவராகத் தெரியவில்லை. காரில் ரேடியோ இருப்பதே அவருக்குப் பிடிக்காது. முதல் மினிகளில் விநியோகி முன் கிரில்லைப் பார்த்தபடி இருந்ததால் மழையில் நனைந்து கார் நின்றது. பின்னர் மறைப்புப் போட்டார்கள். 1969 இல் சேர் பட்டம் கிடைத்தது, 1971 இல் ஓய்வு பெற்றார். மினிக்கு இன்னும் சிறிய, எடை குறைந்த இயந்திரம் ஒன்றை வரைந்திருந்தார். அது உற்பத்திக்குப் போகவேயில்லை.

அவர் மணம் முடிக்கவில்லை. ஸ்மிர்னாவிலிருந்து கூடவே வந்த தாய், 1972 இல் கண்மூடும்வரை அவரோடுதான் இருந்தார். இசிகோனிஸ் 1988 ஒக்ரோபர் 2 இல் பர்மிங்காமில் காலமானபோது மினி இன்னும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. கடைசி மினி 2000 இல்தான் இறங்கியது.