அறக்கட்டளை வைக்காத செல்வர்

கத்தோலிக்கப் பள்ளி என்றதும் சிற்றாலயமும் சிலுவையும் காலை வழிபாடும் நினைவுக்கு வருவது இயல்பே. அத்தகைய பள்ளியின் சமயப் பண்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நான் ஜான் பாப்டிஸ்ட் தெ லா சாலின் வரவு-செலவை எண்ணிப் பார்ப்பதுண்டு. பொருளியல் கற்பித்தவனின் பழக்கம் அது.

பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் 1651-இல் செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர், 15 வயதிலேயே பேராலயக் குருக்குழாத்தில் இடம்பெற்றார். மதிப்பும் நிலையான வருவாயும் கொண்ட பதவி அது. 1678-இல் குருவானார். மறு ஆண்டு அத்ரியன் நியேல் என்பவர் ஏழைச் சிறுவருக்குப் பள்ளி திறக்க அந்நகருக்கு வந்தார். அவருக்கு உதவப் புகுந்த லா சால், படிப்படியாக ஆசிரியர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். உறவினர் முகம் சுளித்தனர்.

எதிர்காலத்தை எண்ணி அஞ்சிய ஆசிரியர்களிடம் இறைவனை நம்புமாறு அவர் கூறினார். பள்ளி மூடப்பட்டால் தாங்கள் தெருவில் நிற்க நேரும், அவருக்கோ பதவியும் பரம்பரைச் சொத்தும் உண்டு என்று அவர்கள் சுட்டிக்காட்டினர். அது நியாயமான வாதம். 1683-இல் அவர் பதவியைத் துறந்தார். சொத்தைப் பள்ளிகளுக்கு முதலீடாக்கியிருக்கலாம். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையே பரிந்துரைத்திருப்பேன். அவரோ அடுத்து வந்த பஞ்சத்தில் அதைப் பசித்தவர்க்கு ரொட்டியாக்கிக் கொடுத்துத் தீர்த்தார். அதன்பின் ஆசிரியருக்கும் அவருக்கும் இடர் ஒன்றே ஆயிற்று. 1694-இல் 12 சகோதரர்களும் அவரும், வெறும் ரொட்டியை உண்டு வாழ நேர்ந்தாலும் இலவசப் பள்ளிகளைக் கைவிடுவதில்லை என வாக்களித்தனர்.

அந்த நம்பிக்கை வகுப்பறையில் எளிய வடிவம் பெற்றது. இலத்தீனுக்கு முன்பாகத் தாய்மொழியான பிரெஞ்சில் வாசிக்கக் கற்பித்தனர். இறைவன் உடனிருப்பதை நினைவூட்டப் பாடத்தை அவ்வப்போது நிறுத்தினர். காலை உணவைப் பிள்ளைகள் பள்ளியிலேயே உண்டனர். மிகுதி ரொட்டி வைத்திருந்தவர்கள் அதைக் கூடையிலிட, அது இல்லாதவர்க்குப் பகிரப்பட்டது. மறைக்கல்வி நூல் விளக்காத பலவற்றை அந்தக் கூடை விளக்கியிருக்கும்.

கட்டணம் கொடுக்க இயன்றவர் வீட்டுப் பிள்ளைகளும் இலவசமாகச் சேர்ந்ததால், பாரிசில் எழுத்துக்கலை ஆசிரியர்கள் தங்கள் பிழைப்புக்காக வழக்குத் தொடுத்தனர். தீர்ப்புகள் அவருக்கு எதிராக அமைந்தன. மனம் தளர்ந்து தெற்கே ஒதுங்கியிருந்த அவரை, 1714-இல் சகோதரர்களே கடிதம் எழுதித் திரும்பப் பணித்தனர். கீழ்ப்படிதல் வாக்கு நிறுவனரையும் கட்டுப்படுத்துமென்பது அவர்கள் கருத்து. அவர் திரும்பினார்.

அவர் மரபில் வந்த பள்ளிகள் பலவும் இன்று கட்டணம் வாங்குகின்றன. ஆசிரியர்க்கு ஊதியம் தர வேண்டுமல்லவா? அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. எனினும் சேர்க்கைப் பட்டியலில் ஏழைப் பிள்ளைக்கு எத்தனையாவது இடம் என்று கேட்காமல் இருக்கவும் இயலவில்லை.

1719 ஏப்ரல் 7, புனித வெள்ளியன்று ருவான் நகரில் அவர் மறைந்தார். அவருடைய சபைக்குத் திருத்தந்தையின் ஏற்பு 1725-இல்தான் கிடைத்தது.